பழக்கத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

உடம்பையும் மனதையும் சரியாக வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்று சுன்னாகத்தில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். காலமை எழும்பி நடக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சீனியைக் குறைத்து இலைவகை சேர்க்க வேண்டும். நேரத்துக்குப் படுக்க வேண்டும். மனதில் உள்ளதை யாரோடாவது கதைக்க வேண்டும். கிளினிக் சுவரில் ஒட்டியிருப்பதும் இதுதான், பத்திரிகையின் ஞாயிறு இணைப்பு எழுதுவதும் இதுதான், வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியில் ஓதுவதும் இதுதான். ஆலோசனையில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. இவ்வளவும் தெரிந்த சனம் ஏன் செய்வதில்லை என்று கேட்டால் மட்டும் சோம்பல் என்ற ஒரே பதிலைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஊரின் கடந்த அறுபது எழுபது ஆண்டுக் கதையை எடுத்துப் பார்த்தால், நல்ல பழக்கங்கள் சனத்தின் மனவுறுதியில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்று தெரியும். கிணற்றடியில், ஒழுங்கையில், படலையில், கோயில் வீதியில், பஞ்சாங்கத்தில் அவை தங்கியிருந்தன. அந்த இடங்கள் மாறியபோது பழக்கங்களும் போயின.

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் சுன்னாகத்தின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது அதனால்தான். யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அந்தப் பாறை ஓட்டையும் வெடிப்பும் நிறைந்தது. ஓர் இடத்தில் நிலத்துக்குள் விட்டது இன்னோர் இடத்துக் கிணற்றில் தலைகாட்டும். சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது வெளியே வந்து, 2014, 2015 காலத்தில் பெரும் பிரச்சினையானது. வீட்டு முற்றத்தில் கிணற்றை வைத்துக்கொண்டு சனம் பவுசருக்கும் பிளாஸ்ரிக் தாங்கிக்கும் காத்து நின்றது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதற்கு முன்பிருந்தே இன்னொரு தொல்லை இருந்து வருகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிப் போட்ட யூரியாவும், வீட்டுக்கு வீடு கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழியும் சுன்னாகம் அடங்கிய வலிகாமத்து நிலத்தடி நீரில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டுக் கிளாஸ் என்ற கணக்குக்கு விஞ்ஞானத்தில் பெரிய பிடிமானம் இல்லை. தாகத்துக்குக் குடித்தால் பெரும்பாலானோருக்குப் போதும், வெய்யிலில் தோட்டம் செய்பவர் தாகத்தைக் காத்திராமல் குடிக்க வேண்டும். எத்தனை கிளாஸ் என்று எண்ணுவதற்கு முதல் எந்தக் கிணறு என்று கேட்க வேண்டிய ஊர் இது. தன் உடம்பைக் கவனிக்க நினைக்கும் ஒருவர் தனியாளாக நின்று அதற்குப் பதில் தேட முடியாது.

உடல் உழைப்பின் கதையும் கிணற்றடியில்தான் தொடங்குகிறது. துலா இருந்த காலத்தில் ஓர் இறைப்புக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்று மிதியில் நின்று பட்டையை வாங்கி ஊற்றுவார். ஒருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வெயில் ஏற முதல் முடிக்க வேண்டும் என்பதால் விடியப்புறத்திலேயே வேலை தொடங்கிவிடும். மேலேயும் கீழேயும் கதையும் பகிடியும் போய்வந்துகொண்டிருக்கும். இறைப்பு மிசின் வந்ததும் ஒரு கயிற்றை இழுத்துவிட்டு ஒருவரே பார்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. முதுகு தப்பியது, கூட நின்ற இரண்டு பேரும் போனார்கள். துலாக் காலத்தை நினைத்து ஏங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துலா மிதித்த எல்லோரும் விரும்பி மிதிக்கவில்லை. கூலிக்கும், சாதி போட்ட கட்டாயத்துக்கும் மிதித்தவர்கள் ஏராளம். ஐம்பது வயதில் நாரி முறிந்தவர்களின் உழைப்பை உடற்பயிற்சி என்று எழுதுவது அநியாயம். இன்றும் வெங்காயத் தறைக்குள் நாள் முழுக்கக் குனிந்து புல்லுப் பிடுங்கும் பெண்ணிடம் போய் தினமும் அரைமணி நேரம் நடவுங்கோ என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

நடுத்தர வர்க்கத்துக்கு உடற்பயிற்சியைக் கொடுத்தது சைக்கிள்தான். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளானது. மோட்டார் சைக்கிளும் பழைய மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்ற எல்லாம் சைக்கிளில் நடந்தன. ஆசிரியரும் மாணவரும், சந்தைக்குப் போகும் வெங்காயமும் விறகும், பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்ணும், செத்தவீட்டுக்குப் போகும் கிழவரும் சைக்கிளிலேயே போனார்கள். மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை ஓடவிட்டுச் செய்தி கேட்ட தலைமுறை இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. செய்தி கேட்க வியர்த்த ஊர் உலகில் வேறு எங்காவது உண்டா தெரியாது. அன்று இருந்த பசியையும் பயத்தையும் மறந்துவிட்டு அந்தக் கால உடம்பை மட்டும் புகழக்கூடாது. ஆனால் பின்னால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஏ9 பாதை திறந்து, 2009 இல் போர் முடிந்து, லீசிங் கடைகள் வரிசையாக வந்து, வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டி வந்தது. காங்கேசன்துறை வீதி அகலித்துக் காபெற் போடப்பட்டது. சந்தியில் இருக்கும் கடைக்குப் போகவும் சாவியைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

அசைவு குறைவது உடம்பை என்ன செய்யும்? இலண்டன் பஸ்களை வைத்து ஜெரமி மொறிஸ் என்ற வைத்தியர் செய்த ஆய்வு 1953 இல் வெளிவந்தது. மாடிப் பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கொண்டக்ரர்களைவிட, இருந்து ஓட்டிய சாரதிகளுக்கு மாரடைப்புக் கூடுதலாக வந்தது என்று அவர் காட்டினார். சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு அகலமானவர்களாக இருந்தார்கள் என்று பிறகு சீருடை அளவுகளைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் அசைவு இதயத்தைக் காக்கிறது என்ற முடிவு பின்வந்த ஆய்வுகளில் நிலைத்துவிட்டது. கொண்டக்ரர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யப் போகவில்லை, அவர்களுடைய வேலையில் அது இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு போதும் என்கிறது. பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1960களில் யப்பானில் காலடி எண்ணும் கருவியொன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. ஏழாயிரம் நடந்தவர் கைத்தொலைபேசியைப் பார்த்து மனம் நோகத் தேவையில்லை.

சுன்னாகத்திலிருந்து மருதனார்மடத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வருபவருக்கு அந்த 150 நிமிடத்தில் பெரும்பகுதி தானாகவே வந்து சேரும். 2022 இல் எரிபொருள் வரிசை மைல்கணக்கில் நீண்டபோது, பழக்கம் சூழலில் தங்கியிருக்கிறது என்பது மீண்டும் நிரூபணமானது. மூலையில் சாத்தியிருந்த லுமாலா சைக்கிள்கள் வெளியே வந்தன, சைக்கிள் கடைகளில் பழையதற்கும் விலை ஏறியது. கியூஆர் முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் சைக்கிள்கள் திரும்ப மூலைக்குப் போயின. சனத்தின் மனவுறுதி அந்தச் சில மாதங்களில் கூடிப் பிறகு குறைந்ததென்று யாராவது சொல்வார்களா? வீதி மாறியது, அவ்வளவுதான். இன்று காங்கேசன்துறை வீதியில் வான்களுக்கும் டிப்பர்களுக்கும் நடுவே பத்து வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. உள் ஒழுங்கைகளில் நடக்கப் போனால் கட்டாக்காலி நாய்கள். பெண்கள் தனியே நடந்தால் அதற்கும் ஒரு கதை கட்டும் ஊர். காலமையில் இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து நடப்பதைப் பல ஒழுங்கைகளில் காணலாம். அவர்கள் நடப்பது உடம்புக்காக. சேர்ந்து நடப்பது பாதுகாப்புக்காக. ஆனால் அந்த அரைமணி நேரக் கதைதான் மனதுக்குக் கிடைக்கும் மருந்து என்பது என் எண்ணம்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில்தான் பழம்பெருமையும் புதுப்பயமும் அதிகம் மோதுகின்றன. இலங்கை முழுவதும் 2005, 2006 இல் நடந்த ஆய்வில் இருபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. 2018, 2019 இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு வளர்ந்தவர்களில் 23 வீதம் என்று கணக்கிட்டது. இரு ஆய்வுகளின் முறைகளும் வேறு என்பதால் இரட்டிப்பாயிற்று என்று அடித்துச் சொல்லக்கூடாது, ஆனால் போகும் திசையில் சந்தேகமில்லை. எங்கள் நாளாந்தச் சாப்பாட்டை எடுத்துப் பாருங்கள். காலமை பாணும் சம்பலும், அல்லது இடியப்பமும் சொதியும். மத்தியானம் குவித்த சோறு. இரவு அவித்த மாப் பிட்டு. மூன்று வேளையும் மாச்சத்து முன்வரிசையில், மரக்கறி ஓரத்தில். இடையில் சீனி போட்ட தேத்தண்ணி நாலைந்து தரம், யாராவது வந்தால் பிஸ்கற்றோடு இன்னொரு தரம். வந்தவர் சீனி வருத்தக்காரர் என்றால் ‘அரைக் கரண்டிதான் போட்டனான், குடியுங்கோ’ என்று உபசரிப்பு வேறு. மறுத்தால் கோபம் வரும்.

பழைய சாப்பாட்டில் நல்லது இருந்தது. ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இலைக்கஞ்சிக்கு வேலியோரமும் கிணற்றடியும் போதும். முருங்கையிலை, வல்லாரை, முசுட்டை, தூதுவளை, கிடைத்தால் குறிஞ்சா. ஒரு பிடி சிவப்புப் பச்சை அரிசியைக் குழைய அவித்து, இலைகளைக் கழுவி அரைத்துப் பிழிந்த சாற்றை அதில் விட வேண்டும். ஒரு கொதி வந்ததும் தேங்காய்ப்பால் விட்டு இறக்கி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சூட்டோடு குடிப்பது. அதிகம் கொதிக்கவிட்டால் பச்சை நிறம் கறுத்துவிடும், அம்மாமார் அடுப்படியை விட்டு நகரமாட்டார்கள். ஒரு பேணி கஞ்சியில் அரிசி கொஞ்சம், இலை அதிகம், வயிறு நிறையும். இதையே இன்று வீதியோரக் கடைகளில் காலமையில் விற்கிறார்கள், வாங்கிக் குடிக்கிறோம். கிடுகு வேலியும் கதியால் வேலியும் மதிலான பிறகு முசுட்டை படர இடம் எங்கே? வேலி போனதோடு ஒரு கறித்தோட்டம் போய்விட்டது.

ஆனால் பழையது என்பதற்காக எல்லாம் மருந்தாகிவிடாது. குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று நினைப்பவர்கள் கிளினிக் கொப்பியில் இலக்கத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள். குரக்கனிலும் ஒடியலிலும் மாச்சத்துத்தான் பெரும்பங்கு. நார்ச்சத்து இருப்பதால் மெதுவாக ஏறும். நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். பனங்கட்டியும் சீனிதான்; பனை எங்கள் மரம் என்பதால் அதன் இனிப்பு எங்கள் இரத்தத்துக்கு விலக்குக் கொடுக்காது. மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, வடகம் எல்லாம் உப்பு. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைக்கும் எல்லை, நாங்கள் அதை மத்தியானச் சாப்பாட்டிலேயே தாண்டுகிறோம். விரதம் பற்றியும் ஒரு சொல். வெள்ளி விரதமும் புரட்டாதிச் சனியும் அளவோடு சாப்பிடப் பழக்கின, மனதையும் ஒரு கட்டுக்குள் வைத்தன. இன்சுலின் போடுபவரோ நீரிழிவு மாத்திரை எடுப்பவரோ கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருக்கப் புறப்பட்டால் சீனி ஆபத்தாக இறங்கி மயங்கக்கூடும். வைத்தியரைக் கேட்டுத்தான் விரதம் பிடிக்க வேண்டும்.

உடம்பைப் பற்றிய அறிவுக்கு இந்தப் பகுதியில் பஞ்சம் இருந்ததில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூலான பரராசசேகரத்தைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர் பக்கத்து ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையபிள்ளை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1850களிலேயே உடற்கூற்றையும் சுகாதாரத்தையும் தமிழில் புத்தகமாக்கினார். தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். கைதடியில் யாழ் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் படிப்பிக்கிறது. இனி வேண்டியது இன்னொரு புத்தகம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மனதின் பக்கம் வரும்போது கணக்கு இன்னும் பாரமாகிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுவதும் வெறுமையானது. சுன்னாகமும் அதில் அடங்கும். மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்த அந்தச் சனத்தில் பெரும்பகுதி 1996 ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வந்து கூரை போன வீடுகளைத் திருத்திக்கொண்டு வாழத் தொடங்கியது. போர் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011 இல் வெளிவந்த ஆய்வொன்றில், 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 7 வீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன. இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் எல்லாமே கூடுதலாக இருந்தன. மூன்றில் ஒருவரிடம் பதகளிப்பின் அறிகுறிகள் காணப்பட்ட மாவட்டத்தில் மனதை அமைதியாக வைத்திருங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவதில் என்ன பயன்?

இங்கே மனம் பெரும்பாலும் உடம்பின் வாயால்தான் பேசும். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு எரிவு, நித்திரையின்மை, மேலெல்லாம் நோ. ஓபிடிக்கு வந்து பனடோலும் விற்றமினும் வாங்கிக்கொண்டு போவார்கள். அழுகையைப் பற்றிக் கேட்டால்தான் வாய் திறப்பார்கள். உளநல வைத்திய நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இங்கேயே இருந்து இதைப் பார்த்தவர், எழுதியவர். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்ட வழி சிக்கனமானது. சைவருக்கு அவர் அறிந்த மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மூச்சை நிதானமாக்குவது, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு அவர்களது திக்ர். சனத்திடம் ஏற்கனவே இருந்த பழக்கத்தைக் கையில் எடுத்து, பயிற்சியாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கதிரமலைச் சிவன் கோயில் வீதியில் இருந்து தேவாரம் பாடும் ஒரு கிழவிக்கு இறக்குமதித் தியான வகுப்பு எதுவும் தேவையில்லை. அவருக்குத் தேவைப்படுவது கோயிலுக்கு வந்து போக ஒரு துணையும், இருக்க ஒரு கதிரையும்.

துக்கத்துக்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் ஒழுங்கைப் பற்றி உளவியல் படித்தவர்கள் இன்னும் நிறைய எழுத வேண்டும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல் சமைத்துக் கொண்டுவரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து அழுவார்கள். பிறகு எட்டுச் செலவு. முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய், கடலோரக் கேணியில் தோய்ந்து அந்தியேட்டி. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து மீண்டும் அதே கடற்கரை. இப்படி முப்பத்தொரு நாள் துக்கக்காரரைத் தனியே விடாமல் வைத்திருந்து, ஒரு நாளைக் குறித்து, இனி வேலைக்குப் போகலாம் என்று ஊரே அனுமதி கொடுக்கும். வெளிநாட்டில் இதற்குக் காசு கொடுத்து ஆள் தேட வேண்டும். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்தியேட்டி இல்லை. செய்தால் பிள்ளை செத்ததை ஏற்றுக்கொண்டதாகிவிடும், செய்யாவிட்டால் துக்கத்துக்கு முடிவே கிடையாது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் அமர்ந்த தாய்மாருக்கு நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் சொல்லிக் கொடுப்பது அவர்களை அவமதிப்பதற்குச் சமம். அவர்களின் மனநலம் உண்மை தெரிவதில் இருக்கிறது.

இன்று சுன்னாகத்தின் பெரிய நோய் எது என்று என்னைக் கேட்டால், சீனியைச் சொல்லமாட்டேன், தனிமையைச் சொல்வேன். பெரிய வீடு, சுற்றி ஆளுயர மதில், இரும்புப் படலை, உள்ளே இரண்டு வயதான ஆட்கள். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். ஒரு காலத்தில் படலையில் நின்று அரைமணி நேரம் கதைத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவார்கள். இப்போது மதிலுக்குள் மணி அடித்தால் கமராவில் பார்த்துவிட்டுத் திறக்கிறார்கள். கதைக்க ஆசைப்பட்டால் தொலைபேசி. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து கனடாப் பிள்ளை எடுக்கும் நேரம் இங்கே விடிகாலை, வேலையால் வந்து இலண்டன் பிள்ளை எடுக்கும் நேரம் இங்கே நள்ளிரவு. தவறவிட்டுவிடுவோமோ என்று தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு அரை நித்திரையில் கிடக்கும் தாய்மாருக்கு நேரத்துக்குப் படுங்கோ என்று யார் சொல்வது? பிள்ளைகள் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, இங்குள்ள பின்னேரம் நாலு மணி போல எடுத்தால், அம்மாவின் இரத்த அழுத்தத்துக்கு அவர்கள் அனுப்பும் மாத்திரைகளைவிட உதவியாக இருக்கும்.

இளையவர்களின் நித்திரையைத் தின்பது ரியூசன். பள்ளிக்கூடத்துக்கு முன் ஒரு வகுப்பு, பின்னேரம் ஒன்று, சனி ஞாயிறு முழுநாள். ஸ்கந்தவரோதயாவிலும் இராமநாதனிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு மைதானம் இருக்கிறது, விளையாட நேரம்தான் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்குக் கரப்பந்தாட்டத்துக்குப் போகும் பையனைப் பார்த்துப் படிப்பைக் கெடுக்கிறான் என்று சொல்லும் தகப்பனே நாற்பத்தைந்து வயதில் வைத்தியர் சொல்லி நடக்கத் தொடங்குகிறார். வளரும் பருவத்தில் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்த நித்திரை ஞாபக சக்தியைக் கெடுக்கும் என்பதைப் பெறுபேற்றுக் கணக்கிலாவது பெற்றோர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழக்கத்தைவிடச் சூழல் பெரியது என்பதற்கு இலங்கையிலேயே வலுவான சான்று ஒன்று உண்டு, உலகம் முழுவதும் அதை எடுத்துச் சொல்கிறது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதி நச்சுத்தன்மை கொண்ட கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 2015 அளவில் அந்த வீதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்திருந்தது. விளைச்சல் அதனால் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. இந்த நாட்டுச் சனத்தின் மனம் அந்த இருபது ஆண்டுகளில் திடமாகிவிட்டதென்று சொல்ல முடியுமா? போரும் சுனாமியும் நடந்த காலம் அது. கைக்கெட்டும் இடத்தில் சாவு இல்லாமல் போனது, ஒரு கணத்து வேகம் தணிய நேரம் கிடைத்தது. தோட்டக்காரர் வீட்டு மாலுக்குள் கிருமிநாசினி இறாக்கையில் கிடக்கும் எங்கள் பகுதியில் இந்தப் பாடத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வாங்க அதிகம் செலவாகாது.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மனச்சோர்வு உள்ளவர் மருந்தையும் சாப்பாட்டையும் கவனிக்காமல் விட, சீனி மேலும் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் நோய்கள். ஆனால் சீனி கிளினிக் ஒரு நாள், மனநல கிளினிக் இன்னொரு நாள், வேறு கட்டடம், வேறு கொப்பி. முதலாவதுக்கு எல்லோரும் பகிரங்கமாகப் போவார்கள், இரண்டாவதுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போவார்கள். நிறை, அழுத்தம், சீனி ஆகியவற்றைப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. அங்கே நிறையையும் அழுத்தத்தையும் குறிப்பவர் ‘நித்திரை வருதோ? மனம் எப்பிடி?’ என்று இரண்டு கேள்வி கூடக் கேட்டால், தனிக் கட்டடத்துக்கு வரக் கூச்சப்படும் பலர் அங்கேயே பிடிபடுவார்கள். லேசான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டிலை விட்டு எழும்ப முடியாதவருக்கு அது மட்டும் போதாது, மருந்தும் உளவளத்துணையும் வேண்டும். அதற்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை தூரமும் இல்லை.

எனவே என் கோரிக்கைகள் முதலில் ஊரிடம், பிறகுதான் ஆட்களிடம். சுன்னாகத்தில் தலைமையகம் வைத்திருக்கும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபை கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளை வட்டாரம் வட்டாரமாக அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். சந்தையிலிருந்து புகையிரத நிலையம் வரையாவது நடைபாதை கட்டி, அதில் சாமான் பரப்பவோ வாகனம் நிறுத்தவோ விடக்கூடாது. கிராமம்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் காலமையில் பத்திரிகை வாசிக்கும் நாலைந்து ஆண்களோடு கதவு சாத்தப்படுகிறது. பின்னேரத்தில் அவற்றைப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் திறந்துவிட்டால், வளவுக்குள் நடக்கலாம், கதைக்கலாம், மாதம் ஒருமுறை குடும்பநல உத்தியோகத்தர் வந்து அழுத்தம் பார்க்கலாம். புதுக் கட்டடம் தேவையில்லை, ஒரு சாவி போதும்.

வாசிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலோ அயலிலோ இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லாமல், சாப்பாட்டில் மனமில்லாமல், எதிலும் பற்றில்லாமல் யாராவது இருந்தால், நடவுங்கோ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள், முடியும்வரை வாங்கில் பக்கத்தில் இருங்கள். நேரில் போகக் கூச்சம் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவிலும் எடுக்கலாம்.